உலோகப்போலிப் பெரியவர்

தெம்பனிஸ் 11ஆம் தெருவின் வட்டச் சந்தைக்குக் காலையில் கோப்பி குடிக்கப் போகிறவர்கள், வேஃபர் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற பெரியவருக்கு எதிரே மறந்தும் உட்கார்ந்துவிடக் கூடாது என்பது அனுபவஸ்தர்களின் அபிப்பிராயம். உச்சி முதல் உள்ளங்கால் வரை வெள்ளை அங்கிக்குள் புகுந்துகொண்டு, 12 அங்குலச் சிலிக்கன் தகடுகளில் தூசி படாமல் இரவும் பகலும் காவலிருந்து, பேச வேண்டியதையெல்லாம் முகத்திரைக்குள்ளேயே அடக்கிவைத்திருந்த இந்தப் பிரகிருதிகள், ஓய்வுபெற்ற மறுநாளே பிரசங்கிகளாகிவிடுகிறார்கள். பிரசங்கத்தின் விஷயமும் எந்நாளும் ஒன்றே.

“தம்பி, எல்லாரும் தங்கத்தையும் பிராணவாயுவையும்தான் மதிக்கிறார்கள், நடுவிலே இருப்பவனை யார் கேட்கிறார்கள்?” என்று தொடங்கி, டிஷ்யூ தாளில் தனிம அட்டவணையின் கட்டங்கள் போட்டு, போரானிலிருந்து வலப்புறமாகக் கீழே இறங்கும் படிக்கட்டு ஒன்றை வரைவார். இடப்பக்கம் உலோகங்கள், வலப்பக்கம் அலோகங்கள், படியோரத்தில் போரான், சிலிக்கன், ஜெர்மானியம், ஆர்செனிக், ஆன்டிமனி, டெலூரியம் என்னும் உலோகப்போலிகள். சிலிக்கனைப் பாருங்கள்: பளபளப்பில் உலோகம், தட்டினால் நொறுங்கிவிடும் சுபாவத்தில் உலோகமல்ல. பரிசுத்தமாயிருக்கும்வரை மின்சாரத்தைக் கடத்தச் சோம்பியிருக்கும் அது, தன் கோடிக்கணக்கான அணுக்களிடையே ஆர்செனிக் அணு ஒன்று பிரவேசித்தாலும் சுறுசுறுப்படைந்துவிடும். (பெரியவரும் இரண்டாவது தே தாரேக் உள்ளே போன பிறகே அந்த அட்டவணையை வகுத்த மெண்டலீவைத் தொடுவார், அதற்குக் காசு கொடுப்பது நாம்.)

சிலிக்கனுக்குக் கீழே, அணு எடை 72 என்று குறித்து, 1871இல் மெண்டலீவ் ஓரிடத்தைக் காலியாக விட்டுவைத்ததை, இன்னும் வந்து சேராத சம்பந்திக்குக் கல்யாணப் பந்தியில் இலை போட்டுவைத்த கதையாகவே அவர் வர்ணிப்பார். 1886இல் பிரைபர்க் நகரத்து விங்க்ளர் கண்டெடுத்த ஜெர்மானியம் அந்த இலையில் வந்து அமர்கிற கட்டத்தில், மேசை துடைக்க வந்த அம்மையார்கூடத் துணியைக் கீழே வைத்துவிடுவார்.

வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் வாக்குவாதம் மூண்டால் மட்டும் பெரியவருக்குப் பேச்சு வராது. “இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது” என்று முணுமுணுத்தபடி, மின்தூக்கிக்குக் காத்திராமல், பத்தாவது மாடியிலிருந்து படிவழியே இறங்கிவிடுவார்.

ஆயினும், அவருடைய சாஸ்திர ஞானம் முழுமையும் பிரயோகமாவது நான்கு இலக்க லாட்டரியில்தான். உலோகப்போலிகளின் அணு எண்கள் 5, 14, 32, 33, 51, 52. இவற்றை ஜோடி சேர்த்தால் 0514, 3233, 5152 என்று இயற்கையே மூன்று நம்பர்களை எடுத்துத் தந்திருக்கிறது என்பது அவர் சித்தாந்தம். 84ஆம் எண் பொலோனியத்தையும் 85ஆம் எண் அஸ்டட்டைனையும் சில புத்தகங்கள் இக்கூட்டத்தில் சேர்க்கின்றன, சில சேர்ப்பதில்லை. எல்லை எதுவென்று அனைவரும் ஒப்பும் தீர்ப்பு இன்றுவரை ஏற்படவில்லை. இதைப் பற்றி, பக்கத்து மேசையில் உட்காரும் ஓய்வுபெற்ற ரசாயன ஆசிரியருக்கும் இவருக்கும் நிரந்தர வியாஜ்யம். “அவையிரண்டும் உலோகமே ஐயா, வீணாக உள்ளே இழுக்காதீர்கள்!” என்று மேசையைத் தட்டுகிறவர், சென்ற ஞாயிற்றுக்கிழமைக் குலுக்கலுக்கு வரிசையில் நின்று 8485க்கும் ஒரு வெள்ளி கட்டியதைத் தம் கண்ணாலேயே பார்த்ததாக அந்த ஆசிரியர் சத்தியம் செய்கிறார்.