சட்டத்துக்குள் அடங்காத வாழ்த்து மடல்

சென்ற மாசியில் ஒரு புதன்கிழமை எங்கள் பெரியப்பாவுக்கு எழுபது நிறைந்து பீமரத சாந்தி நடந்தேறியது. வாழ்த்து மடல் எழுதும் பேறு அடியேனுக்கு வாய்த்தது. கண்ணாடிச் சட்டம் போடுகிறவர் பதினாறு வரிக்கு மேல் உள்ளே அடங்காது என்று கையை விரித்துவிட்டதால், அன்னாருடைய பக்தி, கொடை, வருவாய்த் துறையில் ஆற்றிய நெடுநாள் தொண்டு ஆகியவை மட்டுமே அச்சேறின. மருத்துவம் விடுபட்டுப் போயிற்று. பெரியப்பாவும் அவர்தம் தலைமையில் எங்கள் குலத்துப் பெருமக்களும் என் தம்பியின் மனச்சோர்வைத் தீர்க்க நடத்திய மாபெரும் வேள்வி ஏட்டில் ஏறாமல் மறைவது தமிழுக்கே இழுக்கு. விடுபட்ட வரிகள் இவை.

தம்பி சோழிங்கநல்லூர்ப் பக்கம் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவன். ஐப்பசியில் ஊருக்கு வந்தான், உள்ளறையில் படுத்தான், எழுந்திருக்கவில்லை. விடியற்காலம் மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்துக் கிடப்பான். பசியில்லை என்பான். கேள்வி கேட்டால் பதில் வர ஒரு நிமிடம் பிடிக்கும். சிறுவயது முதல் அவனுக்குப் பிடித்த கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தாலும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். இவற்றையெல்லாம் பட்டணத்து மருத்துவர் ஒருவர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கேட்டறிந்து, தைராய்டு குறைந்தாலும் இப்படி வரும் என்று இரத்தப் பரிசோதனைக்கு எழுதி, அதன் பிறகே நோய்க்குப் பெயர் சொன்னார். அவ்வளவு மந்தமான அறிவு! எங்கள் பெரியப்பாவோ வாசற்படியில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, உள்ளறையை ஒரு பார்வை பார்த்தவுடனே, "கொழுப்பு" என்று திருவாய் மலர்ந்தருளினார். நாடி பிடிக்கவில்லை, நாக்கை நீட்டச் சொல்லவில்லை. தன்வந்திரியே ஓரமாக நின்று குறிப்பெடுக்க வேண்டிய தருணம் அது.

"ஏலே, மனசு மனசுங்கியே, அது எங்கல இருக்கு? எக்ஸ்ரேல விழுமால?" என்று அவர் தொடுத்த வினாவுக்கு இன்றுவரை தம்பியிடம் பதில் இல்லை. பதில் இல்லாததே நோய் இல்லாததற்குச் சான்று என்று அவையோர் ஒருமனதாக ஏற்றனர்.

அடுத்து, நடைக்கலையில் வல்ல எங்கள் சித்தப்பா. மருத்துவரும் தினம் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருந்தார் என்பது உண்மையே. ஆனால் அந்த மனிதர் சொன்னது வெறும் நடை, உப்பில்லாத பண்டம் போல. சித்தப்பா அதில் சேர்த்த மசாலா என்ன, தாளிப்பு என்ன! மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பொழுது புலரும் நேரமே மிகக் கனமாக இருக்கும் என்று நூல்கள் சொல்கின்றன. அதைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தது போல, காலை ஐந்து மணிக்குப் போர்வையை உருவுவார். ஆற்றங்கரை வரை போய்த் திரும்பும் அந்த இரண்டு மைல் தூரமும் வாய் ஓயாது. மூட்டை தூக்குகிறவனுக்கு இந்தச் சீக்கு வருகிறதா, நாற்று நடுகிறவளுக்கு வருகிறதா, எங்கள் காலத்தில் வந்ததா. நாற்று நடுகிறவளிடம் அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமலே அறியும் முக்காலமும் உணர்ந்த ஞானம் அது.

இங்கே ஒரு சீமைச் செய்தியைச் சொல்லியாக வேண்டும். 1976-இல் லண்டனில் கிறிஸ்டீன் வான், ஜூலியன் லெஃப் என்ற இரு ஆய்வாளர்கள், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் மனநோயாளிகளைப் பற்றி அவர்களுடைய உறவினர்கள் பேசும்போது எத்தனை குற்றச்சொல் உதிர்கிறது என்று உட்கார்ந்து எண்ணினார்கள். மனச்சிதைவுக்கு ஆறு குற்றச்சொல்லை எல்லையாக வைத்தவர்கள், மனச்சோர்வுக்கு இரண்டிலேயே கோடு கிழித்தார்கள். அந்தக் கோட்டைத் தொட்ட வீடுகளில் நோய் மறுபடியும் கிளைப்பது அதிகமாக இருந்தது. இரண்டு! பாவம், ஏழைத் தேசம். எங்கள் சித்தப்பா காலைக் காப்பி ஆறுவதற்குள் இருபதைத் தாண்டுவார். அவ்விருவரும் தாமிரபரணிக் கரைக்கு வந்திருந்தால் எண்ணித் தீராமல் எழுதுகோலை ஆற்றில் எறிந்துவிட்டுப் போயிருப்பார்கள்.

மருந்தியலில் பெரியப்பா நிகழ்த்திய புரட்சியை எப்படிப் புகழ்வது! மருத்துவர் எழுதிய மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும் என்று அவரே சொல்லி அனுப்பியிருந்தார். பெரியப்பா ஒன்பதாம் நாளே அதன் பயனின்மையைக் கண்டறிந்து, "மாத்திரைக்கு அடிமையாகிப் போவான்" என்று அட்டையோடு குப்பையில் எறிந்தார். இந்த மாத்திரை யாரையும் போதைக்கு அடிமையாக்குவதில்லை என்ற மருத்துவ உலகத்தின் பிடிவாதம் அவரை அசைக்கவில்லை. தினமும் காலையில் இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு, இரவில் தூக்கத்துக்குப் பாதி என்று பல்லாண்டாக விழுங்கிவரும் அனுபவசாலி சொன்னால் அதற்கு மேல் முறையீடு ஏது? திடீரென்று நிறுத்தியதில் தம்பிக்குத் தலை சுற்றி, குமட்டி, உடம்பெல்லாம் மின்சாரம் வெட்டியது போலிருந்தது. "பாத்தியா, மருந்து பண்ணுன வேலைய!" என்றார். நிறுத்தியவரே நிறுத்தியதன் விளைவை மருந்தின் கணக்கில் பற்று எழுதும் இந்த நேர்த்தி வருவாய்த் துறையில் பயின்றவர்களுக்கே வரும்.

குலத்தின் மானம் காத்த சித்தியின் மதிநுட்பம் தனிப் பரணிக்கு உரியது. நரம்பு டாக்டர் என்று கூட வெளியே சொல்லக் கூடாது என்பதால், தம்பிக்கு மஞ்சள்காமாலை என்று தெருவுக்கு அறிவித்தார்கள். அன்புள்ள தெரு. மறுநாள் முதல் ஆளுக்கொரு கைப்பிடி கீழாநெல்லியோடு வந்து குவிந்தார்கள். வந்தவர்கள் எதிரில் குடிக்காவிட்டால் சந்தேகம் வருமே என்று, இல்லாத காமாலைக்கு அரைத்த கீழாநெல்லியை மோரில் கலக்கிப் பதினோரு நாள் அவன் குடித்தான். உப்பில்லாப் பத்தியமும் உண்டு. ஏற்கெனவே சோறு இறங்காதவனுக்கு உப்பையும் நிறுத்திய கருணை வேறெங்கே காணக் கிடைக்கும்? அவன் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்த எதிர்வீட்டம்மாள் "வெளுத்துருச்சு, கொணமாயிட்டு" என்று சான்றும் வழங்கினார்.

சித்தியின் நாவன்மைக்கு ஒரு மாதிரி மட்டும் தருகிறேன். "உனக்கு என்னய்யா கொற? சோறு இல்லையா, துணி இல்லையா, தாய் தகப்பன் இல்லையா?" தனக்கு இத்தனை இருந்தும் இப்படி இருக்கிறோமே என்ற குற்ற உணர்ச்சிதான் இந்த நோயின் முதுகெலும்பு. அந்தக் குற்றத்தை மறந்துவிடாதபடி வேளைக்கு ஒருமுறை, சாப்பாட்டுக்கு முன், நினைவூட்டினார்கள். மருத்துவர் எழுதும் சீட்டில்கூட இவ்வளவு ஒழுங்கு இருந்ததில்லை.

மார்கழியில் தாய்மாமா பொறுப்பேற்றார். திருநள்ளாற்றுக்கு ஒரு வேன் பிடித்து, பதினாறு பேர் ஏறி, நளதீர்த்தத்தில் பனிக்காலத்து விடியலில் அவனை முக்கியெடுத்தார்கள். திரும்பும் வழியில் தஞ்சாவூரில் பட்டுப்புடவையும் வாங்கினார்கள். கடவுள்மேல் எனக்குக் குறையில்லை. வேனில் பதினாறு பேர் இருந்தும் அவன் பக்கத்து இருக்கை காலியாக வந்தது என்பதை மட்டும் ஒரு புள்ளிவிவரமாகக் குறித்துவைக்கிறேன்.

வந்ததும் மாமா அறிவித்த சிகிச்சைதான் முடிமணி. "ஒரு கால்கட்டப் போட்டுட்டா எல்லாஞ் சரியாயிரும்." கொஞ்சம் வரலாறு தேவைப்படுகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைத்து வைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டவே கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடுத்துவிட்டது. சட்டம் இயற்றிய மேதைகள் இரும்பை மட்டும்தான் நினைத்தார்கள். கால்கட்டை நினைக்கவில்லை. மாமா நினைத்தார். துருப்பிடிக்காது, ஓசை எழாது, பந்தி போட்டு ஊரே வந்து பூட்டிவிட்டுப் போகும். சாதகமும் பார்த்தாயிற்று. பெண் வீட்டாரிடம் விஷயத்தைச் சொல்வதா என்று யாரோ ஈனக்குரலில் கேட்டபோது, "காமாலைதான் கொணமாயிட்டுல்லா?" என்றார் மாமா. முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் வாழ்நாளையே மருந்தாக அரைத்துக் கொடுக்கத் துணிந்த வைத்தியர் சித்தர் மரபிலும் இல்லை.

பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, இருபதில் ஒருவர் வாழ்நாளில் மனச்சோர்வுக்கு ஆளாகிறார் என்றது. மனநோய் உள்ளவர்களில் ஏறக்குறைய எண்பது சதவீதம் பேர் சிகிச்சையின்றியே இருக்கிறார்கள் என்றும் சொன்னது. இவ்வளவு பெரிய எண்ணிக்கையை அரசாங்கம் தனியாக எட்டியிருக்க முடியாது. வீட்டுக்கு வீடு ஒரு பெரியப்பா உழைத்திருக்கிறார்.

இத்தனை மாண்புடைய குலத்திலும் ஒரு களை முளைத்தது என்பதைச் சொல்ல நாணுகிறேன். எங்கள் சின்ன ஆச்சி. எழுத்து வாசிக்கத் தெரியாது. மனவலிமை பற்றி ஒரு பழமொழியாவது சொல்லத் தெரியுமா என்றால் அதுவும் இல்லை. தை பிறந்து மகள் வீட்டிலிருந்து வந்தவள், உள்ளறையில் தம்பியின் கட்டிலுக்குக் கீழே முறத்தைப் போட்டு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள். நான்கு நாள் உரித்தாள். எழுந்திரு என்றோ குளி என்றோ ஒரு சொல் இல்லை. இரவில் அவன் விழிக்கும் மூன்று மணிக்குத் தானும் விழித்து வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பாள். இப்படி ஒரு பொறுப்பற்ற மனுஷி.

ஐந்தாம் நாள் அவள் செய்த அபசாரத்தைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் எவரும் உச்சரிக்காத அந்தக் கேள்வியை, வெங்காயத் தோலை ஊதிக்கொண்டே கேட்டாள். "ஏய்யா, செத்துரணும்னு தோணுதாய்யா?" கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது எங்கள் குலக்கொள்கை. கேட்பதால் எண்ணம் விதைக்கப்படுவதில்லை, கேட்டால்தான் சொல்வார்கள் என்கிறது மனநல மருத்துவம். அதைப் படிக்காதவளுக்கு அது தெரிந்திருந்தது எப்படி என்று விசாரிக்க வேண்டும். தம்பி மூன்று மாதத்தில் முதன்முறையாக அழுதான். "ஆமா ஆச்சி" என்றான். குலமே கூடி ஆறுதலுரை ஆற்ற வேண்டிய அந்த இடத்தில் அவள் சொன்னது இவ்வளவுதான்: "சரிய்யா. காலைல பெரியாஸ்பத்திரிக்குப் போவோம். நானும் வாரேன்."

அன்று இரவே தொழுவத்துப் பரணில் இருந்த பூச்சிமருந்துப் புட்டிகளை எடுத்துத் தன் டிரங்குப் பெட்டிக்குள் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். வயலுக்கு அடிக்கச் சித்தப்பா கேட்டபோதும் பெட்டியைத் திறக்கவில்லை. கதிர் நட்டம். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைகளைச் சுண்ணாம்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ராத்திரி தோறும் கையில் கொடுத்து, விழுங்கும் வரை பார்த்திருப்பாள். அடுத்த வீட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் சொல்லி, தினசரிக் காலண்டர் அட்டையில் 14416 என்று பெரிதாக எழுதி வாங்கி அவன் தலைமாட்டில் மாட்டினாள். டெலிமானஸ் என்று 2022 அக்டோபரில் தொடங்கிய அரசாங்கத் தொலைபேசி எண்ணாம். எந்த நேரத்திலும் கூப்பிடலாமாம், தமிழிலும் பேசுவார்களாம். வீட்டு விஷயத்தைப் போனில் பேசுவதா என்று பெரியப்பா கொதித்தது நியாயமே. கூடத்தில் அவர் படம் மாட்டியிருக்கும் சுவரில் ஒரு ஆணியைக்கூட இப்படி யாரும் அனுமதியின்றி அடித்ததில்லை.

மாசிப் பிறப்பில் அவன் தானாகவே ஒரு தோசை கூடுதலாகக் கேட்டான். கீழாநெல்லி இப்போதுதான் பிடித்திருக்கிறது என்றார் சித்தி. நடையின் பலன் என்றார் சித்தப்பா. சனி பகவான் மனமிரங்கினார் என்றார் மாமா. புகழைப் பங்கிடுவதில் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்த அந்தப் பெருந்தன்மையைப் பார்க்கக் கண் இரண்டு போதவில்லை.

பீமரத சாந்திக்கு வருவோம். கலசாபிஷேகம் முடிந்து, பொன்னாடைகள் போர்த்தி, மடலை நானே வாசித்தளித்தேன். பதினாறு வரிக்கும் பதினாறு முறை கைதட்டல். பெரியப்பா கண் கலங்கினார். பிறகு குடும்பப் படம் எடுக்க வரிசையாக நிறுத்தினார்கள். அன்று புதன்கிழமை, அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் வெளிநோயாளிகளைப் பார்க்கும் நாள். விழாவையும் மதிக்காமல் சின்ன ஆச்சி காலை முதல் டவுன் பஸ்ஸிலேயே தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டார் படக்காரர்.

பெரியப்பா வலமும் இடமும் ஒருமுறை பார்த்தார்.

"வந்தாச்சு" என்றார்.