தழை அறையில் இரண்டு கொரியாக்காரர்கள்

அக்கா மகனுக்கு ஜெர்மனியில் ஆன்சைட் கிடைத்தது. ஆறே மாதம்தான் என்றான். பெங்களூரு வீட்டைக் காலி செய்து, கட்டில், மெத்தை, வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டவன், இரண்டு ஜீவன்களை மட்டும் விற்க மனசில்லாமல் கம்பைநல்லூருக்குக் கொண்டு வந்துவிட்டான். காரின் முன் இருக்கையில் மூடியில் துளை போட்ட பிளாஸ்டிக் டப்பா, அதற்கு சீட் பெல்ட். ஏசி இருபத்திரண்டில். பின் இருக்கையில் என் அக்கா. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்தியவள் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி தாண்டியும் எடுக்கவில்லை.

"நெருப்பு வயிற்றுத் தேரை மாமா. கொரியா, வடகிழக்குச் சீனா, ரஷ்யாவுல விளாடிவாஸ்டாக் பக்கமெல்லாம் இருக்கும். வெயில் ஆகாது. உங்ககிட்டதான் கூலான ரூம் இருக்கு."

அவன் கண் வைத்தது என் பட்டுப்புழு மனையின் மேல். தர்மபுரி மாவட்டத்தில் பட்டுப்புழு வளர்க்கிறவன் வீட்டில் மனுஷனுக்கு ஆஸ்பெஸ்டாஸ், புழுவுக்குக் கூலிங் ஷீட். ஐந்தாம் பருவப் புழு 25 டிகிரியை ஒட்டி இருந்தால்தான் ஒழுங்காகத் தின்னும். அதற்காக ஈரச்சாக்கு, மின்விசிறி, ஜன்னலுக்குப் படுதா என்று பணத்தைக் கொட்டியிருக்கிறேன். சித்திரையில் நான் மதியத் தூக்கம் போடுவதும் அங்கேதான்.

"பில் இருக்காடா?" என்றேன். ஊரில் மாடு வாங்கினாலும் கேட்கிற கேள்வி. வனவிலங்குச் சட்டத்தை 2022-ல் திருத்தியதிலிருந்து, வனஉயிர் வணிகத்துக்கான சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிர்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்தாக வேண்டும். இந்தத் தேரை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய அனுமதி வேண்டும். செல்போனைத் திறந்து பில்லைக் காட்டினான். 'அலங்காரப் பொருள் – 2' என்று இருந்தது.

மேலிருந்து பார்த்தால் ஒரு விசேஷமும் இல்லை. இரண்டு அங்குல நீளம், பாசிப் பச்சை, அங்கங்கே கறுப்புத் திட்டு. கண்ணைக் கிட்டே பார்த்தால் மட்டும் கருவிழி வட்டமாக இல்லாமல் முக்கோணமாக இருந்தது. இதற்கா முன் சீட் என்று அம்மாவுக்கு ஆத்திரம். விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவி ஒன்றின் முதுகைத் தொட்டாள். அவ்வளவுதான். முதுகு உள்பக்கமாக வளைந்தது. தலை நிமிர்ந்தது. நாலு காலையும் உள்ளங்கை தெரிய மேலே தூக்கிக்கொண்டு அப்படியே உறைந்துவிட்டது. தாடைக்கு அடியில், விலாவோரம், உள்ளங்கையில் எல்லாம் செக்கச் செவேல் என்று ஒரு சிவப்பு.

"டேய், சாமி வந்திருச்சுடா!" என்று அம்மா பூஜை மாடத்துக்கு ஓடித் திருநீற்றுக் கிண்ணத்தோடு வந்தாள். மருமகன் குறுக்கே விழுந்து தடுத்தான். தவளை, தேரைக்கெல்லாம் தண்ணீர் குடிப்பது வாயால் இல்லை, தோலால். தோலில் எது பட்டாலும் உள்ளே போய்விடும். திருநீறு விழுந்தால் தோல் வெந்துபோகும்.

"ஆயா, அது சாமி இல்ல. 'நான் விஷம், என்னைத் தின்னாதே'ன்னு எதிரிக்குச் சொல்லுது."

"அதைத்தான்டா சாமியும் வந்தா சொல்லும்" என்றாள் அம்மா.

தவளை தன் வாயால் கெடும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இது தன் வயிற்றால் பிழைக்கிறது. அந்தத் தோலின் விஷம் மனுஷனைக் கொல்லாது. தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால் எரியும், ஆகவே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஐரோப்பாவில் இருக்கிற இதன் பங்காளித் தேரையின் தோலிலிருந்து 1971-ல் இத்தாலிக்காரர்கள் பாம்பெசின் என்று ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். எலிக்கு அதைக் கொடுத்தால் வயிறு நிறைந்த மாதிரி ஆகிச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்கிறதாம். எங்கள் வீட்டுத் தேரைகளிடம் அந்தச் சரக்கு வேலை செய்கிற அறிகுறி எதையும் நான் பார்க்கவில்லை.

இனி வீடு கட்டின கதை. மனைக்குள் வைக்க முடியாது. புழு மனை என்றால் பிளீச்சிங் பவுடர், சுண்ணாம்பு, படுக்கைக் கிருமிநாசினி எல்லாம் தூவுகிற இடம். தோலால் குடிக்கிற பிராணிக்கு அது சுடுகாடு. பக்கத்துத் தழை அறைக்குத் தீர்ப்பானது. வெட்டிய மல்பெரித் தழை வாடாமல் இருக்க ஈரச்சாக்கு போர்த்தி வைக்கிற சின்ன அறை அது. அதில் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் கண்ணாடித் தொட்டி.

பாதி நிலம், பாதி நீர் என்பது மருமகன் போட்ட பிளான். தண்ணீர் நாலு அங்குலம் போதும், ஆனால் நிலத்துக்கு ஏறச் சரிவு வேண்டும். இது நீந்தும், களைத்தால் கரை கேட்கும். சரிவுக்குக் கூழாங்கல்லை ஆற்றில் பொறுக்கினேன். ஒவ்வொரு கல்லும் தேரையின் தலையைவிடப் பெரிசாக இருக்க வேண்டும் என்று வீடியோ காலில் கட்டளை வந்தது. அசைவதையெல்லாம் வாயைத் திறந்து கவ்வுகிற பிராணி, பூச்சியோடு சின்னக் கல்லையும் சேர்த்து விழுங்கிவிடும். பொறுக்கினதைக் கொதிநீரில் போட்டு எடுத்தேன். அடுப்பில் கல் வேகிறதைப் பார்த்த பக்கத்து வீட்டு அண்ணி, எங்கள் வீட்டு நிலைமை பற்றி என் மனைவியிடம் மெதுவாக விசாரித்திருக்கிறாள்.

நிலத்துக்குத் தென்னைநார்த் துகள், உப்புப் போக அலசியது. மேலே பாசி. ஓரத்தில் மணி பிளான்ட். ஒளிந்துகொள்ள உடைந்த மண்சட்டி ஒன்று கவிழ்த்து. மூடி மட்டும் எனக்குச் செலவே வைக்கவில்லை. ஊசி ஈ நுழையாமல் மனை ஜன்னலுக்கு அடிக்கிற நைலான் வலை மிச்சம் இருந்தது, சட்டம் போட்டு இறுக்கிவிட்டேன். ஈ உள்ளே வராத வலையில் தேரை வெளியே போகாது. இந்த ஒரு யோசனைக்கு மட்டும் ஜெர்மனியிலிருந்து "சூப்பர் மாமா" வந்தது.

தண்ணீரில்தான் வம்பு. எங்களுக்குக் குழாயில் வருவது ஒகேனக்கல் காவிரித் தண்ணீர். 2013-ல் அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்குகிறவரை தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல ஊர்களுக்கு ஆழ்துளைக் கிணற்றை விட்டால் கதி இல்லை. அதில் ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. தாண்டியதைக் குடித்து வளர்ந்த தலைமுறை நாங்கள். வாயைத் திறந்தால் பல்லே சொல்லிவிடும். எத்தனையோ பேருக்கு முட்டியும் முதுகும் மடங்காமல் போனது. அந்தத் தண்ணீரை யாராவது சோதித்தார்களா என்று எங்கள் அப்பா தலைமுறைக்குக் கேட்கத் தோன்றியதில்லை. தேரை வந்த மறுவாரமே, தண்ணீரைச் சோதிக்கிற காகிதப் பட்டை கூரியரில் வந்துவிட்டது. கிணற்றுத் தண்ணீர் கடினம், வேண்டாம் என்று தள்ளுபடி. ஒகேனக்கல் தண்ணீரில் குளோரின், தோலுக்கு ஆகாது. கடைசியில் காவிரித் தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் பறந்த பிறகு ஊற்றுவது என்று உடன்பாடு ஏற்பட்டது. இரண்டு மாநிலம் இத்தனை வருஷம் பேசியதை நானும் தேரையும் சீக்கிரமே முடித்துக்கொண்டோம்.

சித்திரை வந்தது. வெளியே நாற்பதை ஒட்டி வெயில். இதுகளுக்கோ 18-லிருந்து 25 டிகிரிக்குள் இருந்தால் சுகம். 28-ஐத் தாண்டி நின்றால் ஆபத்து. தங்கள் ஊரில் பனி விழுகிறபோது மட்கிய கட்டைக்கும் கல்லுக்கும் அடியில் கூட்டமாகப் படுத்துக் குளிர்காலம் முழுக்கத் தூங்குகிற ஜாதி, அதைக் கொண்டுவந்து அக்கினி நட்சத்திரத்தில் உட்கார வைத்தால்? தண்ணீர் பாட்டிலை உறைய வைத்து, துணி சுற்றித் தொட்டியின் ஓரத்தில் நிறுத்தினோம். நீர்ப்பரப்பின் மேல் காற்று படுகிற மாதிரி ஒரு சின்ன ஃபேன், அதற்கு இன்வெர்ட்டர் இணைப்பு. கரண்ட் போனால் வீட்டில் ஓடுகிற ஒரே ஃபேன் அதுதான். ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டி தேரை வசம் போனதும், மோருக்கு ஐஸ் கேட்ட என் மாமனார், தேரைக்குக் கொடுத்தது போக மிச்சம் இருந்தால் தரச் சொல்லி என் மனைவியிடம் மனு போட்டார். மனு நிலுவையில் இருக்கிறது.

சாப்பாடு. செத்ததைத் திரும்பியும் பார்க்காது, அசைய வேண்டும். சினிமாவில் தவளை நாக்கை ஒரு முழம் நீட்டிப் பிடிக்குமே, அந்த வித்தை இதற்கு வராது. நாக்கு வாயின் அடியில் தட்டையாக ஒட்டிக்கிடக்கிறது. ஆகவே ஆளே பாய்கிறது. புழுவைப் பார்த்ததும் உடம்பு முன்னால் சாயும், ஒரு நொடி யோசிக்கும், பிறகு வாயைத் திறந்துகொண்டு மொத்தமாக விழும். பாதி குறி தவறி மணி பிளான்ட்டைக் கவ்விக்கொண்டு நிற்கும். பிடித்துவிட்டால் முன்கை இரண்டாலும் புழுவின் வாலை வாய்க்குள் தள்ளும். அப்புறம் கண்ணை இறுக மூடும். ரசித்து மூடுகிறது என்றுதான் நினைத்தேன்; மெல்லப் பல் இல்லாததால் கண்விழியையே உள்ளே இறக்கி உணவைத் தொண்டைக்கு நெட்டுகிறதாம்.

சுவர்க்கோழிப் பூச்சி போடச் சொன்னான். பிடித்து, அதற்குக் கேரட் கொடுத்துக் கொழுக்க வைத்து, கால்சியம் தூள் புரட்டிப் போட வேண்டும். கேரட் எதற்கு? வயிற்றுச் சிவப்பு தீனியிலிருந்து வருகிற நிறம். கரோட்டின் குறைந்தால் வளர்ப்புத் தேரையின் வயிறு மஞ்சளாக வெளிறிவிடும். வீட்டில் கேரட் பொரியல் நின்றது. பூச்சி கிடைக்காத வாரங்களில் என் இரண்டாம் பருவப் பட்டுப்புழு மேல் இதுகளின் கண் விழுந்தது. சத்தான தீனி, மருந்து அடிக்காத மல்பெரித் தழை தின்றது, மறுக்க முடியவில்லை. ஆனால் என் வயிறு எரிந்ததைச் சொல்லியாக வேண்டும். ஒரு புழு ஒரு கூடு கட்டும். வெண்பட்டுக் கூட்டில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் நூல். அதாவது ஒரு வாய்க்கு ஒரு கிலோமீட்டர். தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் எடை குறைந்ததற்குக் காரணம் கேட்டவர்களிடம் நான் கொரியாவைச் சொல்லவில்லை, பால்புழு நோய் என்று சொல்லிவிட்டேன்.

ஐப்பசி மழை பிடித்தது. தழை அறையில் ஆண் தேரை கூப்பிட ஆரம்பித்தது. தொண்டையில் காற்றுப் பை இல்லாததால் சத்தம் 'ஊப்... ஊப்' என்று மெல்லத்தான் வரும். அதை யார் கேட்டது? வெளியே கொல்லைக் குட்டையில் நம் ஊர்ப் பெருந்தவளைகள் கச்சேரி. மழைக்காலத்தில் அந்த ஆண்கள் எலுமிச்சை மஞ்சளாக மாறி, தாடையின் இரண்டு பக்கமும் நீலப் பையை ஊதிக்கொண்டு நிற்பதை டார்ச் அடித்துப் பாருங்கள். குளியலறைப் பக்கெட் விளிம்பில் மரத்தவளை, சட்டிக்கடியில் தேரை. ஐஸ் கேட்கவில்லை, கேரட் கேட்கவில்லை, கூரியரில் பட்டை வரவழைக்கவில்லை. ஒரு காலத்தில் இந்தப் பெருந்தவளையின் காலை வெட்டிக் கப்பலேற்றி விற்றோம். 1987-ல்தான் அரசு ஏற்றுமதியை நிறுத்தியது. என் கணக்கில், தவளை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கொல்லையில் ஒரு பள்ளம் தோண்டி மழைநீரை விட்டால் போதும். மீதியைத் தவளையே பார்த்துக்கொள்ளும்.

மருமகனின் ஆறு மாதம் நீண்டுகொண்டே போகிறது. இந்தத் தேரைக்கோ நல்ல பராமரிப்பில் பத்து, பதினைந்து வருஷம் ஆயுள், அதற்கு மேலும் இருந்தவை உண்டு. ஒருநாள் என் மாமனார் சாவகாசமாகச் சொன்னார்: "ஆத்துல விட்டுடலாமே மாப்ள. அதுவும் பொழச்சிக்கும், நாமளும் பொழச்சிக்கலாம்." அதில் ஆபத்து இருக்கிறது. உலகம் முழுக்கத் தவளை இனங்களைக் காவு வாங்கிய தோல் பூஞ்சை நோய் ஒன்று உண்டு. ஐந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் அதனால் குறைந்தன, தொண்ணூறு இனங்கள் இல்லாமலே போயின என்று 2019-ல் கணக்கிட்டார்கள். அது கிளம்பிய இடம் கொரியத் தீபகற்பம் என்று அதற்கு முந்தைய வருஷமே மரபணுவை வைத்துக் காட்டிவிட்டார்கள். அந்தப் பூஞ்சையை இந்த நெருப்பு வயிற்றுத் தேரையின் மேலும் கண்டிருக்கிறார்கள். கூடவே வளர்ந்ததால் இவை பெரிதாக நோவதில்லை. பழக்கமில்லாத நம் தவளைக்கு என்ன ஆகும் என்று கம்பைநல்லூரில் வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. எங்கள் ஆறு தென்பெண்ணையில் கலக்கிறது, தென்பெண்ணை கடலூர் வரை போகிறது. வழியில் எத்தனை ஏரி, எத்தனை மடை.

ஆகவே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டப்பா வந்து இறங்கியிருந்தால் தயவுசெய்து அதை ஆற்றிலோ ஏரியிலோ விடாதீர்கள். தொட்டித் தண்ணீரையும் கிணற்றடியில் கொட்டாதீர்கள்; பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு நாள் வைத்து, நீர்நிலை இல்லாத பக்கமாக வெயில் காய்கிற மண்ணில் ஊற்றுங்கள். உள்ளே போட்ட கல்லையும் பாசியையும் வெளியே வீச வேண்டாம். வளர்க்க முடியவில்லையென்றால் வளர்க்கத் தெரிந்த ஒருவரைத் தேடிக் கொடுங்கள். தாய்மாமன்களை மட்டும் விட்டுவிடுங்கள்.