சொலூஷன் ஒன்றே இருந்த காலம்

எழுபதுகளில் சந்தவாசலில் எங்களுக்குத் தெரிந்த ஒரே படகு லாரி டியூப்தான். காற்றடித்துக் கிணற்றில் தள்ளினால் நாலு பையன்கள் தொங்கலாம். வால்வு தொடையைக் கீறும். அதற்குப் பழந்துணி சுற்றிக்கொள்வோம். தறி வீடுகளில் பழந்துணிக்குப் பஞ்சமில்லை. பட்டுத் துணிக்குத்தான் பஞ்சம். அது ஆரணிக் கடைக்குப் போய்விடும்.

ஓட்டை விழுந்தால் சைக்கிள் கடை. கடைக்கார அண்ணன் டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் தடவுவார். அப்புறம் சும்மா உட்கார்ந்திருப்பார். அதுதான் வித்தை. சொலூஷன் என்பது பெட்ரோல் மாதிரியான திரவத்தில் கரைத்த ரப்பர். திரவம் பறந்துபோய், விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதத்தில் ஒட்டுத் துண்டை வைத்து அழுத்த வேண்டும். டியூபும் ரப்பர், ஒட்டும் ரப்பர், பசையும் ரப்பர். சொந்தத்துக்குள் செய்த கல்யாணம், பிரிவதற்கு வழியே கிடையாது.

இன்று லாரிகளே டியூப்லெஸ் டயருக்கு மாறி வருகின்றன. அதே கடையில் அண்ணனின் மகன் பைக் டயரில் குச்சி சொருகி, ஐந்து நிமிடத்தில் ஆளை அனுப்பிவிடுகிறார். சும்மா உட்காரும் வேலை ஒழிந்தது.

நாமும் முன்னேறிவிட்டோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் காற்றுப் படகுகளைப் பார்த்த முடிச்சூர்வாசியான என் அண்ணன் மகன், சொந்தமாக ஒன்று வாங்கினான். அடுத்த வெள்ளத்துக்குக் காத்திருந்து அலுத்து, பொங்கலுக்கு ஊருக்கே கொண்டுவந்தான். ஏரிக்கரையில் இறக்கும் முன்பே வேலிக்காத்தான் முள் வரவேற்றது.

"சித்தப்பா, சொலூஷன் போட்டு ஒட்டினா பிளாஸ்திரி மாதிரி உரிஞ்சு வருதே!"

வரத்தான் செய்யும். படகு ரப்பர் அல்ல, பிவிசி. அதை வளைந்துகொடுக்க வைக்கும் எண்ணெய்ப் பொருள் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். ரப்பர் சொலூஷன் அதில் பிடிக்காது. சட்டென்று ஒட்டும் பசையோ காய்ந்ததும் விறைத்து, படகு மடங்குகிற இடத்தில் வெடித்துவிடும். பிவிசிக்கு பாலியூரித்தேன் பசை வேண்டும், அதிலும் கடினமாக்கியைக் கலக்கிற இரட்டை வகையே உத்தமம். ஹைப்பலான் துணியில் செய்த படகென்றால் அதற்கு வேறு பசை. காற்றை முழுக்க இறக்கி, அசிட்டோனால் துடைத்து, ஓட்டையைச் சுற்றி ஐந்து சென்டிமீட்டர் தாண்டுகிற மாதிரி, முனை மழுக்கிய பிவிசி ஒட்டை வெட்டி, இரு பக்கமும் மெல்லிசாக இரண்டு பூச்சு பூசி, இடையில் காயவிட்டு ஒட்ட வேண்டும். பிறகு ஒரு நாள் முழுக்கக் காற்றடிக்கக் கூடாது. கடைக்கார அண்ணனின் சும்மா உட்காரல் ஐந்து நிமிடத்திலிருந்து 24 மணி நேரமாக வளர்ந்திருக்கிறது. முன்னேற்றம் என்றால் இதுதான்.

இதைவிட வேடிக்கை, ஈரக்காற்றில் அந்தப் பசை சரியாகப் பிடிக்காது. அதாவது, வெள்ளத்துக்காக வாங்கிய படகை மழைநாளில் ஒட்ட முடியாது.

படகோடு வந்த பசைக் குப்பியைத் திறந்தோம். உள்ளே கல்.

ஆகவே, வீட்டில் காற்றுப் படகு வைத்திருப்பவர்களே, புரட்டாசிக்குள் பசையின் காலாவதித் தேதியைப் பார்த்துவிடுங்கள். ஒட்ட வேண்டியிருந்தால் வெயில் நாளில் நிழலில் உட்கார்ந்து ஒட்டி முடியுங்கள். ஐப்பசி வரை இழுக்காதீர்கள்.