சிறார் எழுத்தாளர்: கையேட்டுக் குறிப்பு

சிறார் எழுத்தாளர் என்பவர் குழந்தைகளுக்குக் கதையும் பாட்டும் எழுதி, அவற்றைப் பெரியவர்கள் மத்தியில் வெளியிட்டு, பெரியவர்களிடமே பொன்னாடை வாங்கிக்கொள்பவர். சென்னையில் இவ்வினம் அரிதன்று. மயிலாப்பூரிலிருந்து கே.கே. நகர் வரை எந்த இலக்கியக் கூட்டத்திலும் கடைசிக்கு முந்தைய வரிசையில் இவர்களைக் காணலாம். பேசின் பிரிட்ஜ் பக்கத்திலும் ஒருவர் வசிப்பதாகத் தெரிகிறது. இவர்களுடைய வருமானம் பற்றிப் பின்னர் விரிவாகப் பார்க்கலாம்.

இவ்வினம் சங்கமாகத் திரண்டது 1950இல். அழ. வள்ளியப்பா சென்னையில் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கினார். 1922இல் ராயவரத்தில் பிறந்த அவர், இந்தியன் வங்கியில் வேலை பார்த்தபடியே எழுதியவர். பின்வந்தவர்கள் அவருடைய பாட்டைப் பின்பற்றிய அளவுக்கு வங்கி வேலையைப் பின்பற்றவில்லை. இத்துறையின் பல துன்பங்களுக்கு வேர் இதுவே. 1947இல் அம்புலிமாமா, 1950இல் கண்ணன், 1972இல் கோகுலம் என்று பத்திரிகைகள் வந்தன. பெ. தூரன் பத்துத் தொகுதிகளில் குழந்தைகள் கலைக்களஞ்சியமே கொண்டுவந்தார். வாங்கிய வீடுகள் பலவற்றில், பிள்ளைகள் கை பட்டு அழுக்காகிவிடும் என்று அது கண்ணாடி அலமாரியில் பூட்டப்பட்டது.

இனி வாழிடம். பேசின் பிரிட்ஜ் சென்ட்ரலுக்கு முந்தைய நிலையம். அரக்கோணம் பாதையும் கும்மிடிப்பூண்டிப் பாதையும் பிரியுமிடம். கிழக்கே சற்றுத் தள்ளி ராயபுரம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று அங்கிருந்துதான் புறப்பட்டது. இலக்கிய வட்டாரத்துக்கு இந்த வரலாறு தேவைப்படுவதில்லை. "பேசின் பிரிட்ஜா? எக்ஸ்பிரஸை அரை மணி நேரம் நிறுத்தி வைப்பானே, அங்கேயா சார்? அங்கே ஆள் இருக்காங்களா?" என்பதோடு விசாரணை முடிந்துவிடும். ஆள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மின்சார ரயிலில் மூர் மார்க்கெட் வளாகம் வந்து, மெட்ரோ பிடித்துத் தெற்கே போய்த்தான் இலக்கியவாதி ஆகவேண்டியிருக்கிறது. தெற்கிலிருந்து வடக்கே ஒரு கூட்டத்துக்கு வந்தவரைக் கண்டவர் இல்லை.

கதைக்களத்திலும் இதே தொல்லை. பதிப்பகத்தார் கேட்பது காடு, முயல், முடிவில் ஒரு நீதி. பேசின் பிரிட்ஜில் கிடைப்பது பக்கிங்காம் கால்வாய். கால்வாயைக் கதையில் வைத்தால் "ஓடை" என்று திருத்துவார்கள். அதன் நிறத்தைச் சொன்னால் கதை திரும்பி வரும்.

வருமானத்துக்கு வருமுன், விமர்சனத்தைப் பற்றிச் சொல்லிவிடுவது நல்லது. சிறார் நூலை வெளியிட்டுப் பேசுபவர் அந்த நூலைப் படிப்பதில்லை. பேத்தியிடம் கொடுத்துவிடுகிறார். போன ஞாயிற்றுக்கிழமை நடந்த விழாவில் நால்வர் வாழ்த்திப் பேசினர். ஆகவே நான்கு பேத்திகள். முதல் பேத்தி நியூ ஜெர்சியில் இருப்பவள், தமிழ் வாசிக்கத் தெரியாது. வீடியோ காலில் அட்டையைப் பார்த்து "க்யூட்" என்றாளாம். மதிப்புரை முடிந்தது. இரண்டாம் பேத்தி, "தாத்தா, இன்னொரு கதை" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தாத்தா சொன்னது பரமார்த்த குரு கதை. நூல் தலைமாட்டில் இருந்திருக்கிறது. மூன்றாம் பேத்திக்கு ஒன்றரை வயது. புத்தகத்தின் மூலையைக் கடித்துத் தின்றுவிட்டாள். "நூலைச் சுவைத்த முதல் வாசகி" என்று பேச்சாளர் சொன்னதும் அரங்கம் அதிர்ந்தது. நான்காமவருக்குத் திருமணமே ஆகவில்லை. பக்கத்து ஃபிளாட்டிலிருந்து ஒரு பேத்தியைக் கடன் வாங்கி வந்திருந்தார்.

இம்முறையின் நுட்பங்கள் தனி ஆய்வுக்குரியவை. பேரன் ஒருபோதும் விமர்சகன் ஆவதில்லை; அவன் கோச்சிங்கில் இருக்கிறான். பேத்திக்கு நூல் பிடிக்காமல் போனதாக இதுவரை பதிவில்லை. பேத்தி சொன்னதாகச் சொல்லப்படும் வாக்கியத்தின் நடை, தாத்தாவின் தலையங்க நடையோடு வியக்கத்தக்க வகையில் ஒத்துப்போகும். ஒரு நவீன நாவலை வெளியிடுபவர், "நான் படிக்கவில்லை, எங்கள் பாட்டியிடம் கொடுத்தேன், மத்தியானம் நன்றாகத் தூங்கினார்" என்று பேசினால் நாவலாசிரியர் மேடையிலேயே ஒலிவாங்கியைப் பிடுங்குவார். அடுத்த மூன்று மாதத்துக்குக் கண்டன அறிக்கைகள் பறக்கும். சிறார் எழுத்தாளரோ எழுந்து கும்பிட்டு, "பேத்திக்கு என் அன்பைச் சொல்லுங்க ஐயா" என்று ஏற்புரை ஆற்றவேண்டும்.

பேத்தியையே நேரில் அழைத்தால் என்ன என்ற யோசனையும் ஒருமுறை செயல்படுத்தப்பட்டது. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மேடையேறினாள். நூலைப் படித்துவிட்டு வந்திருந்தாள், யாரும் எதிர்பாராதது. "இந்த நரி பொய் சொன்னாத்தான் அதுக்குச் சாப்பாடு. அப்புறம் ஏன் கடைசில திருந்துது?" என்று கேட்டாள். அந்த மேடையில் அன்று எழுந்த ஒரே இலக்கியக் கேள்வி அது. "பாப்பா, நேரமாச்சு" என்று சொல்லித் தொகுப்பாளர் அவளுக்கு ஒரு சாக்லேட் கொடுத்து இறக்கிவிட்டார். பிறகு தலைமையுரை முக்கால் மணி நேரம் நடந்தது.

விழா முடிந்து படியிறங்கும்போது, "பெரியவங்களுக்கு எப்ப சார் எழுதப் போறீங்க?" என்று ஒருவர் கேட்பார். கேட்பவர் பெரியவர்களுக்கு எழுதப்பட்டதையும் படித்தவர் அல்லர், இருந்தாலும் அக்கறை.

விருதுகளைப் பொறுத்தவரை, சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்ய புரஸ்கார் வழங்குகிறது. தமிழில் முதலில் பெற்றவர் மா. கமலவேலன். அண்மையில் உதயசங்கர் 2023இலும், யூமா வாசுகி 2024இலும், விஷ்ணுபுரம் சரவணன் 2025இலும் பெற்றனர். பெரியவர்களுக்கான நூலுக்கு அகாதெமி தருவது ஒரு லட்சம் ரூபாய். குழந்தைகளுக்கான நூலுக்கு ஐம்பதாயிரம். அரை டிக்கெட். ரயில்வேகூட 2016இல், குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம்தான் என்று விதியை மாற்றிக்கொண்டது.