தலைக்கு மேலே வேலை

தொழில்முறையில் எனக்குப் பிடித்தவர்கள் மூன்று வகை: வழுக்கைத் தலையர்கள், பழனிக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வந்தவர்கள், தலைப்பாகை கட்டியவர்கள். மற்ற எல்லாரும் என் ஆயுளைக் குறைக்கப் பிறந்தவர்கள்.

மதுரையில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். ஆல்பம் பாதி வேலைதான். போட்டோ எடுத்த அன்றைக்கு மண்டபத்தில் இல்லாதவர்களைக் கொண்டுவந்து நிறுத்துவது மீதிப் பாதி. துபாயில் லீவு கிடைக்காத மச்சான், பத்திரிகையில் பெயர் சின்ன எழுத்தில் இருந்ததற்காக வராமல் போன பெரியப்பா, எப்போதோ காலமான அப்பா. இவர்களெல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் மேடை ஏறுகிறார்கள்.

உடம்பைக் கொண்டுவருவது சுலபம். சட்டையின் ஓரம் தெளிவாக இருக்கும். பென் டூலால் ஒரு சுற்று வந்தால் ஆள் கழன்று வந்துவிடுவார். தலைதான் வம்பு. ஒரு முடியின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அப்படி ஒரு தலையில் ஏறத்தாழ 1 லட்சம். ஓரத்து முடி ஒரு பிக்சலைக்கூட முழுசாக நிரப்புவதில்லை. அதில் பாதி முடியின் கறுப்பு, பாதி பின்னால் தொங்கிய திரையின் நிறம். ஆகவே அப்பாவை எடுத்தால் பழைய ஸ்டுடியோவின் நீலத் திரையும் ஒட்டிக்கொண்டு வரும். மெரூன் கலர் மேடையில் நிறுத்தினால் தலையைச் சுற்றி நீலத்தில் ஒளிவட்டம். சீட்டாட்டத்தில் ரெண்டு வயலைத் தொலைத்த மனிதர் மகான் மாதிரி நிற்பார். சரி, கொஞ்சம் உள்ளே தள்ளி வெட்டுவோம் என்றால் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நிற்பார்.

உருப்படியான வழி சேனல்தான். கலர் படம் எதுவானாலும் அதன் அடியில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள் உண்டு. எதில் முடி கறுத்தும் பின்னணி வெளுத்தும் தெரிகிறதோ அதை நகலெடுத்து (நம் ஊர்த் தலைகளுக்குப் பெரும்பாலும் நீலம்), லெவல்ஸை இரண்டு பக்கமும் நெருக்கினால் முடி முடியாக மாஸ்க் கிடைக்கும். அப்புறம் ஓரத்தில் ஒட்டிய பழைய நிறத்தை எடுக்க வேண்டும். விட்டுப்போன முடிகளை ரெண்டு பிக்சல் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாக இழுக்க வேண்டும். வேரில் தடித்து நுனியில் மெலிய வேண்டும்; அங்கங்கே ஒன்றையொன்று குறுக்கே வெட்ட வேண்டும். மேடையில் வீடியோ லைட் பின்னாலிருந்தும் அடிப்பதால் எல்லார் முடி ஓரமும் மின்னும். ரேஷன் கார்டு படத்திலிருந்து வந்தவருக்கு மட்டும் மின்னாது. அவருக்கும் அந்த லைட்டைப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் யாரென்று தெரியாத சின்னப் பிள்ளைகூட, "இவரு மட்டும் ஒட்டுன மாதிரி இருக்காரு" என்று சொல்லிவிடும்.

அந்தக் கால ஆண்களுக்கு ஒரு கும்பிடு. தேங்காய் எண்ணெயை வழிய வழியத் தடவிப் படிய வாரியிருப்பார்கள். காற்றடித்தாலும் ஒன்று அசையாது. ஊரில் ஷாம்பூ பரவிய பிறகுதான் எனக்குக் கண்ணாடி வந்தது. பெண்கள் பக்கம் பிரச்சினை மல்லிகைப்பூ. வெளுப்பாக இருப்பதெல்லாம் பின்னணி என்று நினைத்து மாஸ்க் பூவைத் தின்றுவிடும். அப்பத்தாவின் கொண்டையில் ஓட்டை ஓட்டையாகப் பின்சுவர் தெரியும். மொட்டு மொட்டாக மீட்க வேண்டும். கனகாம்பரம் வைத்த புண்ணியவதிகள் நன்றாக இருக்கட்டும்; அந்த ஆரஞ்சு நிறம் நீலச் சேனலில் முடியோடு முடியாகக் கறுத்துக் கிடக்கும்.

இந்த அவஸ்தை எனக்கு முன்பே உண்டு. 1857-இல் இங்கிலாந்தில் ரெய்லாண்டர் என்பவர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக அச்சிட்டார். 1959-இல் வந்த 'பென்-ஹர்' படத்துக்காக, நீலத் திரைக்கு முன் நின்றவர்களை முடி கெடாமல் பிரிக்கும் முறை ஒன்றைப் பெட்ரோ விலாஹோஸ் உருவாக்கினார். பிற்பாடு அவருக்கு ஆஸ்கார் கொடுத்தார்கள். எனக்கு அட்வான்ஸ் கொடுக்கவே யோசிக்கிறார்கள்.

போன ஆவணியில் ஓர் அம்மா மகனோடு வந்தார். மகள் கல்யாணப் படத்தில் கணவரை நிறுத்த வேண்டும். நல்ல படம் என்று இருந்தது ஒன்றே ஒன்று, முப்பது வயசில் எடுத்தது. கிருதாவோடு இறங்குகிற, அடர்ந்த சுருட்டை முடி. ஒவ்வொரு சுருளுக்கு நடுவிலும் நீலத் திரை. சுருள் சுருளாகப் பிரித்து, லைட் போட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். என் தொழிலில் அப்படி ஒரு தலை அமைந்ததில்லை.

அந்த அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, எம்பக்கத்துல நின்னா எனக்கு மகன் மாதிரில்ல இருக்காரு? கடைசியில இம்புட்டு முடி ஏது அவருக்கு? நெத்தி ஏறிப்போயி, காதோரம் மட்டும் நரைச்சுக் கெடக்கும்."

பிரித்த சுருளையெல்லாம் உட்கார்ந்து அழித்தேன். வழுக்கை கால் மணி நேரத்தில் முடிந்தது. உச்சியில் கொஞ்சம் பளபளப்பு, காதோரம் நாலு நரை.

"இப்பத்தான்யா அவரு" என்றார் அம்மா.

மகன் பில்லை வாங்கிப் பார்த்தார்.

"அண்ணே, முடியத்தான் எடுத்துட்டீங்களே, அதுக்கு உண்டானதைக் கழிச்சுக்கங்க."