மம்பட்டி பிடிக்க ஓடுகிறேன், சித்தப்பா

லண்டன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

குடும்ப வாட்ஸ்அப்பில் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "பய லண்டன்ல மம்பட்டி பிடிக்கானே, கம்ப்யூட்டர் வேலை போயிட்டோ?" என்று சித்தியிடம் விசாரித்தீர்களாம். வேலை போகவில்லை. பகலெல்லாம் அதே நாற்காலி, அதே கம்ப்யூட்டர்தான். மம்பட்டி சாயங்காலத்துக்கு. சம்பளம் கிடையாது. அதோடு, அந்த வேலைக்கு ஓடியே போகவேண்டும், முடித்துவிட்டு ஓடியே திரும்பவேண்டும். போனில் சொன்னால் பாதியில் சிரித்துவிட்டு வைத்துவிடுவீர்கள் என்றுதான் காகிதத்தில் எழுதுகிறேன்.

இங்கே குட்ஜிம் என்று ஒரு தொண்டு அமைப்பு. கிழக்கு லண்டனில் ஐவோ கோர்ம்லி என்பவர் ஆரம்பித்தது. அவருடைய அப்பா ஆன்டனி கோர்ம்லி பேர்பெற்ற சிற்பி. இரும்பில் மனிதர்களை வார்த்துக் கடற்கரையில் நிறுத்தியவர். அப்பா மனிதர்களை அசையாமல் நிறுத்தினார், மகன் ஓடவிட்டார். மகனுக்கு ஜிம் என்றாலே ஆகாது. காசையும் கொடுத்து, நின்ற இடத்திலேயே ஓடி, யாருக்கும் வேண்டாத இரும்பைத் தூக்கித் தூக்கி வைத்துவிட்டு வருகிறார்களே, இத்தனை தெம்பும் வீணாகிறதே என்று அவருக்கு வருத்தம். நியாயம்தானே? ஜிம்மில் இருக்கும் டிரெட்மில்லின் பூர்வீகம் தெரியுமா உங்களுக்கு? 1818-ல் வில்லியம் கியூபிட் என்ற இன்ஜினியர் இந்த நாட்டுச் சிறைக் கைதிகளுக்காகச் செய்த மிதிசக்கரம். ஆஸ்கார் வைல்டையே அதில் ஏற்றி மிதிக்க வைத்தார்கள். கொடுமை என்று அதை ஒருவழியாக ஒழித்தார்கள். இப்போது மாதச் சந்தா கட்டி ஏறுகிறார்கள். மைதானத்தைச் சுற்றி எங்களைத் தண்டனைக்கு ஓடவிட்ட பி.டி. மாஸ்டரான நீங்கள் ஐம்பது வருஷம் முந்திப் பிறந்துவிட்டீர்கள், சித்தப்பா. இங்கே இருந்திருந்தால் அதற்கே கட்டணம் வாங்கியிருக்கலாம்.

ஆபீஸ் விட்டதும் ஒரு இடத்தில் கூடுவோம். குளிர்காலத்தில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அதனால் நெற்றியில் விளக்கு. முதலில் வட்டமாக நின்று ஆளுக்கு ஆள் பெயரைச் சொல்லி, ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். கேள்வி, "உனக்குப் பிடித்த பிஸ்கட் எது?" என்கிற ரகம். வெள்ளைக்காரர்கள் இதற்கு யோசித்து, தயங்கி, காரணத்தோடு பதில் சொல்கிறார்கள். பேங்க்கில் பெரிய பதவியில் இருக்கிற ஒருவர் கஸ்டர்ட் கிரீமா, ஜிஞ்சர் நட்டா என்று முடிவெடுக்க முடியாமல் தவித்தார். அதன் பிறகு மூன்று நாலு கிலோமீட்டர் ஓட்டம். போய்ச் சேருகிற இடத்தில் வேலை தயாராக இருக்கும்: பள்ளித் தோட்டத்தில் களை பிடுங்குவது, உணவு வங்கியில் பருப்பு டின்னையும் பாஸ்தாவையும் தேதி பார்த்து அடுக்குவது, பூங்காவில் மரச்சிராயை ஒற்றைச் சக்கர வண்டியில் அள்ளிப் போய்ப் பாதையில் கொட்டுவது. முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டுத் திரும்ப ஓட்டம்.

படத்தில் நான் நின்றது இடுகாடு. டவர் ஹாம்லெட்ஸ் செமட்ரி பார்க் என்று பெயர். 1841-ல் திறந்து, 1966-ல் அடக்கம் செய்வதை நிறுத்திவிட்டார்கள். இப்போது அடர்ந்த காடு. பறவை, வண்ணத்துப்பூச்சி, நடுவே சாய்ந்த கல்லறைகள். சாயங்கால இருட்டில், டிராயர் போட்ட இருபது பேர் நெற்றி விளக்கோடு கல்லறைகளுக்கு நடுவே ஓடிவந்து மம்பட்டியைத் தூக்கினால் நம்ம ஊரில் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மறுநாளே சாமியாடிக்கு அழைப்புப் போயிருக்கும். இங்கே நாயோடு நடந்த ஒரு மனிதர் "குட் ஈவினிங்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குப் பிடித்தது இந்த மண்வேலை இல்லை, இன்னொன்று. தனியாக இருக்கிற வயதானவர்களுக்கும் ஓட்டக்காரர்களுக்கும் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். வாரம் ஒருமுறை ஓடிப்போய்க் கொஞ்சநேரம் உட்கார்ந்து பேசிவிட்டு ஓடிவரவேண்டும். உதவி செய்ய நான் போகிறேன் என்று நினைப்பீர்கள். கணக்கில் அப்படி இல்லை. அந்த அம்மாதான் எனக்குக் கோச்! மழை பெய்தாலும் அவர் காத்திருப்பார் என்பதால் நான் ஓடியே ஆகவேண்டும், ஆகவே என்னை ஓடவைப்பவர் அவர். யாரும் யாருக்கும் தர்மம் செய்யவில்லை, யாரும் யாருக்கும் கடன்பட்டு நிற்கவும் இல்லை. என்ன சாமர்த்தியம் பாருங்கள். எண்பதைத் தாண்டிய என் கோச் இந்தப் பதவியை வெறும் பெயருக்கு வைத்திருக்கவில்லை. ஜன்னலில் நின்று நான் தெருமுனை திரும்புவதைப் பார்க்கிறார். "வாசலுக்கு வரும்போது மட்டும் வேகமாக ஓடுகிறாய், முனையில் நடந்துதானே வந்தாய்?" என்றார். அந்தக் குரலில் உங்களைக் கேட்டேன். "ஏல, ஓடுல" மட்டும்தான் பாக்கி.

இதற்கு அனுமதி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. போலீஸ் பதிவைப் பார்த்து, இவன்மேல் குற்றம் இல்லை என்று சான்று வரவேண்டும். பாஸ்போர்ட்டுக்கு ஏட்டையா வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போனாரே, ஞாபகம் இருக்கிறதா? இங்கே ஒரு கிழவியோடு காபி குடிக்க அந்த விசாரணை. முதலில் எரிச்சலாக இருந்தது. தனியாக இருக்கிற வீட்டுக்குள் முன்பின் தெரியாதவனை விடும்போது அது சரிதான் என்று இப்போது படுகிறது.

2018-ல் இந்த நாட்டில் தனிமைக்கென்று ஒரு மந்திரியையே போட்டார்கள், டிரேசி கிரவுச் என்று. "கூட்டத்தைக் குறைக்க மந்திரி போட்டால் தேவலை" என்று அப்பா அப்போது சிரித்தார். எனக்குத் தோன்றுவது, இந்த ஊர்க்காரர்கள் கல்மனசுக்காரர்கள் இல்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட அவர்களுக்கு ஒரு சாக்கு வேண்டும். ஓட்டம் அந்தச் சாக்கு. நம்மில் எவனுக்குச் சாக்கு வேண்டியிருந்தது? நேரே அடுப்படி வரைக்கும் போய் "என்ன குழம்பு?" என்று கேட்போம்.

கேட்போம் என்று எழுதிவிட்டேன். நம்ம தெருவில் இப்போது எத்தனை வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்? என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதனால் ஒரு யோசனை. வ.உ.சி. மைதானத்தில் காலையில் வாக்கிங் போகிற உங்கள் கோஷ்டி, முடிந்ததும் வடைக்கடைக்கு அணிவகுப்பதாகச் சித்தி சொன்னாள். வடைக்கு முன்னால் ஒரு வீடு. காஸ் சிலிண்டர் மாற்றிக் கொடுக்கலாம், ஒட்டடை அடிக்கலாம், பென்ஷனுக்கு உயிரோடு இருக்கிறேன் என்று காட்டும் சான்றுக்கு ஒருத்தரைக் கூட்டிப்போகலாம். ஓடவேண்டும் என்றுகூட இல்லை. இங்கேயே சனிக்கிழமை காலை பார்க்ரன் என்று 5 கிலோமீட்டர் இலவச ஓட்டம் நடக்கிறது. 2004-ல் புஷி பார்க்கில் 13 பேரோடு தொடங்கியது. அதில் எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவதற்கென்றே ஒரு தொண்டர் உண்டு. வேறு யாரும் கடைசி ஆகிவிடக்கூடாதாம். நீங்கள் என்னைக் கடைசியாக வந்ததற்காக வெயிலில் நிறுத்தினீர்கள், இங்கே அதற்குப் பளிச்சென்ற சட்டை போட்டுவிட்டு நன்றி சொல்கிறார்கள்.

மற்றபடி சுகம். கடிதத்தைச் சித்திக்கு வாசித்துக் காட்டும்போது இடுகாட்டுப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். இல்லாவிட்டால் தலைக்கு ஊற்றினாயா, ஊற்றாமல் வீட்டுக்குள் எப்படிப் போனாய் என்று நடுராத்திரியில் போன் வரும். இந்தக் குளிரில் என்னால் பொய்தான் சொல்லமுடியும்.

இப்படிக்கு,
உங்கள் மகன் முறை,
சுப்பையா