குடை பிடிக்கும் கலைஞர்

புகைப்படக் கலையில் ஈடுபட்ட அன்பர்களுக்குச் சில வருஷங்களில் ஒரு வியாதி வருவதுண்டு. கண்ணில் பட்டதையெல்லாம் படமெடுத்துச் சலித்த பிறகு, ‘கருப்பொருள்’ என்று ஒன்றை வரித்துக்கொண்டு, அதைத் தவிர இப்பிரபஞ்சத்தில் பகவான் வேறொன்றையும் சிருஷ்டிக்கவில்லை என்ற தீர்மானத்தோடு திரியத் தொடங்குவார்கள். ஒருவர் பூட்டிய கதவுகளைத் தேடி அலைவார். இன்னொருவர் சுவரில் சாய்த்த சைக்கிளைக் கண்டால் உடையவர் வந்து ஓட்டிப் போகும்வரை நகரமாட்டார். பனமலையில் வசிக்கும் நம் அன்பர் வரித்துக்கொண்டது குடை. அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பவனை அற்பன் என்று பழமொழி ஒதுக்கிவிட்டது. பட்டப்பகலில் பிறத்தியார் குடையைக் கேமராவில் பிடிப்பவரை என்னவென்று அழைப்பது என முன்னோர்கள் யோசித்து வைக்கவில்லை.

2025-இல் செஞ்சிக் கோட்டை, மராட்டியரின் பிற கோட்டைகளோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியபோது, ஜனங்களோடு ஜனங்களாக இவரும் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டார். ஔரங்கசீப்பின் சேனாதிபதி ஜுல்பிகார் கான் 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுத் தவங்கிடந்த அந்தக் கோட்டையில், ராஜகிரியின் சிகரத்தையோ, அடுக்கடுக்காக எழுந்து நிற்கும் கல்யாண மஹாலையோ ஏறிட்டும் பாராமல், வழியோரம் வெள்ளரிப் பிஞ்சு விற்கும் ஓர் அம்மாளின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். கம்பி ஒன்று ஒடிந்து, கிழிசலில் பழம்புடவைத் துண்டு ஒட்டுப் போட்டு, காம்பைச் செங்கல்லிடையே செருகி வைத்த குடை அது. “வாங்கறதா இருந்தா வாங்கு சாமி, இருக்கற நெழலு மேல கண்ணு வெக்காத” என்றாள் அந்த அம்மாள். இவரோ, ஒட்டின்மேல் வெயில் விழட்டும் என்று காத்திருந்தார்.

உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் நடந்தது சற்று விபரீதம். காசி யாத்திரைக்கு மாப்பிள்ளை பிடித்த குடையைத் தொடர்ந்து போனவர், சடங்கு முடிந்து அது சாத்தி வைக்கப்பட்ட திண்ணையோரத்திலேயே தங்கிவிட்டார். “மாமா, தாலி கட்டின படம் ஒண்ணுகூட இல்லையே?” என்று பெண் கண்கலங்கியபோது, “அதை நாலு பேர் எடுத்திருப்பாங்கம்மா. இந்தக் குடையை யார் எடுத்தா சொல்லு?” என்று கேட்டாராம். நியாயமான கேள்விதான், ஆனாலும் அவருக்குப் பந்தியில் இரண்டாம் முறை பாயசம் வரவில்லை.

இவ்வளவுக்கும் அவர் ஊரிலேயே, ஏரிக்கரைக் குன்றின்மேல், காஞ்சிக் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய அதே ராஜசிம்ம பல்லவன் ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்குமுன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில் இருக்கிறது. அங்கே சிறு சந்நிதி ஒன்றின் சுவரில், ஒரு காலை மடித்துத் தலை சாய்த்து நிற்கும் தேவியின் வர்ண ஓவியமும் இருக்கிறது; பல்லவச் சித்திரங்களில் அபூர்வமாகத் தப்பியது அது. அன்பர் அந்தப் பக்கம் போவதே, படியேறி வருபவர்களில் யாராவது குடை கொண்டுவருகிறார்களா என்று பார்ப்பதற்குத்தான்.

“ஐயா, தேவியின் தலைக்கு மேலேயே குடை எழுதியிருக்கிறதே!” என்று ஒருநாள் நான் காட்டிக் கொடுத்தேன். பரவசமாகி உள்ளே ஓடினார். வெகுநேரம் கழித்து வெளியே வந்து, கேமராவின் சிறிய திரையை என் முகத்தருகே நீட்டினார். அதில் குடை மட்டும் இருந்தது.

“அம்மன் குறுக்கே வந்தாங்க; பதனமா ஒதுக்கிட்டேன்” என்றார்.